விழத் தெரிந்தவள்

சின்னவளுக்குச் சாவதுதான் வேலை. மாதச் சம்பளம், வருடத்துக்குப் பதினைந்து நாள் விடுப்பு, முட்டிக்குத் தனியாகக் காப்பீடு.

வீடியோ கேம் தயாரிக்கிற ஒரு கம்பெனியில், பளபளக்கும் பொட்டுகள் ஒட்டிய கறுப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு நாற்பது கேமராக்களுக்கு நடுவில் விழுவாள். குண்டு பட்டு விழுவாள், வாள் பட்டு விழுவாள், ராட்சசன் தூக்கி வீசியும் விழுவாள். அவள் விழுந்த விதத்தைக் கம்ப்யூட்டர் அப்படியே எடுத்து ஒரு சிப்பாய்க்கோ பூதத்துக்கோ மாட்டிவிடும். எங்கேயோ ஒருவன் சோபாவில் உட்கார்ந்து எதிரியைச் சுட்டுவிட்டுத் துள்ளுகிறான் என்றால், அங்கே சரிந்தது நம்ம சின்னவள்தான். கூட வேலை செய்கிறவர்கள் அவளைச் செல்லமாகப் ‘பொணம்’ என்பார்கள். "பொணம், டீ வேணுமா?" என்று கேட்டால், "சர்க்கரை ரெண்டு" என்று படுத்த வாக்கிலேயே பதில் வரும்.

தொழிலில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்தால் என்ன, வேலை தெரிந்தவளுக்கு அது அழகுதான். அடி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல் விழுகிறவன் ஏமாற்றுக்காரன் என்பது அவள் கட்சி. ஒரு விழுகை சரியாக வரும்வரை விடமாட்டாள். சாப்பாட்டு நேரம் தாண்டினாலும் சரி, இடுப்பு கழன்றாலும் சரி.

அக்காவின் புருஷனுக்கு மட்டும் இந்த வேலை ஆகவே ஆகாது. அத்தான் குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். கட்டடத்துப் பிள்ளைகள் அடிதடி விளையாட்டுகளால் கெட்டுப்போகிறார்கள் என்று மூன்று மாதமாக மாடி மாடியாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். சொந்த மச்சினியே அந்த விளையாட்டில் செத்து விழுகிறாள் என்பது அவருக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. கடைசியில் போன் செய்து சொல்லிவிட்டார்: "வேலையை விட்டுட்டேன்னு சங்கத்துக்கு எழுதிக் குடுத்தா, எப்பவும்போல வந்து போ. இல்லேன்னா இந்த வீட்டு வாசப்படி மிதிக்காதே."

சின்னவளுக்கு உலகத்தில் இருப்பது ஒரே அக்கா. அம்மா போன பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டதும், காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் பெரியவள்தான். வேலையை விடவும் முடியாது, அக்காவை விடவும் முடியாது. நேரில் பேசிப் பார்த்துவிடலாம் என்று சனிக்கிழமை மதியம் கிளம்பிப் போனாள்.

ஹாலில் அத்தானோடு சங்கத்துச் செயலாளர் உட்கார்ந்திருந்தார். கீழ்த்தளத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஆளை எடை போடுகிற பார்வை. பெரியவள் டீ கொண்டுவந்தாள். வெயில் காலத்தில் முழுக்கைச் சட்டை. தட்டை நீட்டும்போது வலது கைச் சட்டை மேலே ஏறியது. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், வெளிப்பக்கம், கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கன்றல்.

"என்னக்கா இது?"

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன். ஒண்ணுமில்ல, விடு."

"அவளுக்கு நிதானம் போதாது," என்று சிரித்தார் அத்தான். பிறகு காகிதத்தைச் சின்னவள் பக்கம் நகர்த்தினார். "கையெழுத்து போடும்மா. உனக்கே தெரியும், இதெல்லாம் பாத்துதான் பிள்ளைங்க முரடாப் போகுது."

"அத்தான், நாங்க செய்யிற கேம் அட்டையிலயே பதினெட்டு வயசுன்னு பெருசாப் போட்டிருக்கு. எட்டு வயசுப் பிள்ளைக்கு அதை வாங்கிக் குடுக்கிறது நானா, பெத்தவங்களா? அதுக்கு ஒரு காகிதம் கொண்டாங்க, முதல் கையெழுத்து என்னோடது."

மருந்துக்கடையம்மாளுக்குச் சிரிப்பில் உதட்டோரம் துடித்தது. அத்தானுக்கு அது பிடிக்கவில்லை. "வாய் நல்லாத்தான் இருக்கு. அந்தப் பெருமையான தொழிலை இங்க செஞ்சு காட்டேன். செயலாளரம்மாவும் பாக்கட்டும், எவ்வளவு கேவலம்னு."

சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான். சின்னவளிடம் போய் விழுந்து காட்டு என்று சொல்லலாமா? மேஜையை ஓரமாகத் தள்ளினாள், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கினாள். மார்பில் குண்டு பட்டு ஒரு தடவை மல்லாந்தாள். முதுகில் கத்தி இறங்கி ஒரு தடவை மடிந்தாள். செயலாளரம்மா, "ஐயோ கண்ணு!" என்று எழுந்தேவிட்டார்.

"எல்லாம் கணக்குதாம்மா. அடி படவே படாது. இப்ப பாருங்க, அக்கா வழுக்கினதை விழுந்து காட்டறேன்."

அத்தனை நல்ல மனசோடுதான் ஆரம்பித்தாள். அக்காவைச் சிரிக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான். கால் முன்னால் வழுக்க, இடுப்பு தரையில் பட, உள்ளங்கைகள் பின்னால் ஊன்றின. எழுந்து தன் கையைப் பார்த்தாள். அந்த இடம் தரையைத் தொடவே இல்லை.

"தொட்டி விளிம்புல பட்டிருக்கும்," என்றார் அத்தான்.

"இருக்கலாம்." சோபாவின் கைப்பிடியைத் தொட்டி விளிம்பாக வைத்து முன்பக்கம் விழுந்தாள். முழங்கைதான் முதலில் பட்டது. பக்கவாட்டில் விழுந்தாள். தோள் பட்டது. இன்னொரு தடவை விழுந்தாள், கையை வேண்டுமென்றே முன்னே கொடுத்து. உள்பக்கம் பட்டது. தொழில் புத்தி பிடித்துக்கொண்டது, சரியாக வரும்வரை விடாத புத்தி. அடி எந்தப் பக்கத்திலிருந்து வந்தால் அங்கே படும்? தரையில் உட்கார்ந்தபடி கையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். கடைசியில் முகத்துக்கு முன்னால் குறுக்கே தூக்கினாள்.

அங்கே பொருந்தியது. கச்சிதமாக.

கேமராக்களுக்கு முன்னால் அவள் அதை நூறு தடவை செய்திருக்கிறாள். மேலிருந்து அடிக்க வருகிறவனைப் பார்த்துத் தலையைக் காப்பாற்றிக்கொள்கிற கை அது. வழுக்கி விழுகிறவள் அப்படிக் கையைத் தூக்கமாட்டாள். தூக்கிய கையை இறக்கவே சின்னவளுக்குத் தோன்றவில்லை. எத்தனை தடவை இந்தச் சோபாவில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறோம், உலகத்தில் உள்ள அடியெல்லாம் நமக்கு அத்துப்படி என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு!

"போதும் கூத்து," என்றார் அத்தான். குரல் இப்போதும் உயரவில்லை. "எழுந்திரு."

சின்னவள் எழுந்தாள். நேராகப் போய் அக்காவுக்கு முன்னால், அத்தானுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். பயம் துளியும் இல்லை. விழத் தெரிந்தவளைத் தள்ளிவிடுவது அவ்வளவு சுலபமில்லை.

"அக்கா, என் வீட்டுல ரெண்டு ரூம் இருக்கு. செருப்பைப் போட்டுக்கிட்டு வந்தா போதும், வேற எதுவும் வேணாம்."

"குடும்பத்துக்குள்ள நுழைஞ்சு குழப்பம் பண்றியா? பாத்தீங்களா அம்மா, இந்த விளையாட்டெல்லாம் மனுஷங்களை எப்படி ஆக்கிடுது? எதைப் பாத்தாலும் அடிதடியாத் தெரியுது!" என்று செயலாளர் பக்கம் திரும்பினார் அத்தான்.

மருந்துக்கடையம்மாள் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், களிம்பு விற்கிறவளிடம் மறைக்க முடியுமா?

"இவங்க இந்த வருஷத்துல நாலு தடவை ரத்தக்கட்டுக் களிம்பு வாங்கிட்டுப் போயிருக்காங்க சார். நாலு தடவையும் நானே எடுத்துக் குடுத்தேன். ஒரு வார்த்தை கேக்காம விட்டது என் தப்பு." பெரியவளைப் பார்த்தார். "இப்பக் கேக்கறேன். நீங்க சொல்லுங்கம்மா, எப்படி விழுந்தீங்க?"

"அதான் சொன்னாளே—"

"உங்களைக் கேக்கல சார்."

டீ ஆறிப் போயிருந்தது. பெரியவள் தட்டைக் கீழே வைத்தாள். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டாள்; நிதானமாக மடித்தாள். கன்றலுக்கு மேலே இன்னொன்று இருந்தது, பழுத்து மஞ்சளாகிப்போனது. அவள் அத்தானைப் பார்க்கவில்லை. தங்கையின் தோளுக்கு மேலாகச் செயலாளரம்மாவைப் பார்த்தாள்.

"நான் விழவே இல்லம்மா," என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள்.