ஒரே தட்டில் மாறிப்போன மல்லாட்டை

அந்த யோசனை வந்ததும் கலைப்பிரியா தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள். விழுப்புரத்தில் உட்கார்ந்து அவள் எழுதும் சமையல் பிளாகைச் சென்னையிலும் துபாயிலும் படிக்கிறார்கள். திண்டிவனத்து அமலா எழுதுவதை அந்தச் சுற்றுவட்டாரம்தான் படிக்கிறது, ஆனால் விடாமல் படிக்கிறது. இரண்டு கூட்டத்தையும் கலந்துவிட்டால் என்ன?

“என் பிளாக்ல நீ ஒண்ணு எழுது, உன்னுதுல நான் ஒண்ணு எழுதுறேன். உன் ஆளுங்க இங்க வருவாங்க, என் ஆளுங்க அங்க வருவாங்க,” என்று போனில் சொன்னாள்.

“உங்க ஆளுங்கல்லாம் பெரிய எடமாச்சேக்கா. நான் எழுதுனா படிப்பாங்களா?”

“நீ எழுதும்மா. நான் பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொண்ட லட்சணம் பின்னால்தான் தெரிந்தது.

முதலில் கலைப்பிரியாவின் பதிவு அமலாவுக்குப் போனது. அதைப் போடுவதற்கு முன் அமலா கூப்பிட்டாள்.

“அக்கா, ஒரு எடத்துல குழம்பு, ‘கழம்பு’ன்னு இருக்குது. மாத்திடட்டா?”

“ஒரு எழுத்துக்குப் போன் போட்டுக்கினு இருக்கியா? நல்ல ஆளும்மா நீ,” என்று கலைப்பிரியா சிரித்தாள்.

அடுத்து அமலாவின் பதிவு வந்தது. மல்லாட்டைத் துவையல். அளவெல்லாம் சரியாக இருந்தது. அந்தப் பெயர்தான் கலைப்பிரியாவின் கண்ணை உறுத்தியது. அவளும் முகையூரில் பிறந்தவள்தான், வேர்க்கடலையை வீட்டில் மல்லாட்டை என்றுதான் சொல்வாள். பிளாகில் மட்டும் ஒரு நாளும் எழுதியதில்லை. பட்டிக்காடு என்று நினைத்துவிடுவார்களே. மல்லாட்டை வருகிற இடமெல்லாம் வேர்க்கடலை என்று ஒரே தட்டில் மாற்றினாள். துவையலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காமலேயே போட்டுவிட்டாள்.

மறுநாள் அடுப்பில் மல்லாட்டையை வறுக்கப் போட்டுவிட்டுப் போனை எடுத்தால், பதிவின் அடியில் ஒரே சிரிப்புப் படங்கள். ‘எழுதினவங்களுக்கு உடம்பு சரியில்லையா?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். அப்போதுதான் பதிவைக் கடைசிவரை படித்தாள்.

‘காலேஜ் ஹாஸ்டல்ல நான் வேர்க்கடலைன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. வேர்க்கடலைன்னு சொல்லணுமாம். எங்க அம்மா ஊரார் கொல்லையில கூலிக்கு வேர்க்கடலை ஆய்ஞ்சுதான் என்னைப் படிக்க வெச்சாங்க. அதனால நான் வேர்க்கடலைன்னு சொல்றதில்ல, வேர்க்கடலைன்னுதான் சொல்வேன்.’

கேலிகளுக்கு நடுவே அமலாவின் பதில் இருந்தது: ‘மன்னிச்சுக்குங்க. அவசரத்துல நான்தான் தப்பா எழுதிட்டேன்.’

கலைப்பிரியாவுக்குக் காதுமடல்கூடச் சுட்டது.

“இன்னா கலை, மல்லாட்டை தீயுது. மூக்கு அடைச்சிக்கிச்சா?” என்று அவள் கணவன் பூவரசன் உள்ளே இருந்து கத்தினான். அவள் அமலாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா உன் தப்புன்னு எழுதுன?”

“உங்க பிளாக்கு, உங்க ஆளுங்க. அங்க வந்து உங்கள மாட்டி வுடறதா?” என்றாள் அமலா. “அம்மாவுக்குப் படிச்சிக் காட்டிக்கினு இருந்தேங்க்கா. அந்த எடம் வந்ததும் நிறுத்திட்டேன். நீங்க கம்முனு திருத்திடுங்க, போதும்.”

கம்மென்று திருத்தலாம். அமலாவின் பதிலை அழித்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. கலைப்பிரியாவின் விரல் அதன் மேல் போய் நின்றது, பிறகு விலகியது. மல்லாட்டையைப் பழையபடி வைத்துவிட்டுப் பதிவின் தலைமாட்டில் எழுதினாள். எழுதியதைப் போடாமல் மறுபடியும் கூப்பிட்டாள்.

“கேளும்மா. ‘மல்லாட்டையை மாற்றியது அமலா இல்லை, நான். முழுசாகப் படிக்காமல் மாற்றினேன். எங்கள் வீட்டிலும் மல்லாட்டைதான்.’ போட்டுடட்டா?”



“கடைசி வரிய மட்டும் எடுத்துடுங்கக்கா,” என்றாள் அமலா மெதுவாக. “உங்க வீட்டுல தின்னீங்க. எங்க அம்மா ஆய்ஞ்சாங்க. ரெண்டும் ஒண்ணு இல்லக்கா.”

“சரிம்மா.”

வரியை எடுத்துவிட்டுப் போட்டாள். தீயாததாகப் பொறுக்கி ஒரு தட்டில் கொண்டுவந்து பூவரசன் பக்கத்தில் வைத்தான். அவள் கை அதன் பக்கம் போகவில்லை.