முயலகனின் ஆட்சேபணை

என் படங்களில் இருப்பவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் அவற்றைக் கண்காட்சியில் மாட்டலாம். திறப்பு நான்கு மணிக்கு. மூன்றே காலுக்குள் ஏறக்குறைய எல்லாரும் போட்டுவிட்டார்கள். ராவணன் பத்துத் தடவை போட்டான். இருபது வருடத்தில் இதுதான் என் முதல் கண்காட்சி.

மிச்சம் ஒரே ஒரு அச்சுப்படம், நடராஜர். மரக்கட்டையில் உருவத்தை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். அப்போதுதான் தாளில் நேராக விழும். நான் மறந்துவிட்டேன். இடது காலுக்குப் பதில் வலது காலைத் தூக்கியிருந்தார்.

"கால் மாறியிருக்கே," என்றார் கையெழுத்துகளைச் சரிபார்க்கும் கவுண்டரில் இருந்த பூங்கோதை அம்மாள்.

"மதுரையில அப்படித்தான் மேடம் ஆடுறார்."

"அங்க பாண்டிய ராஜா வேண்டிக்கிட்டார். சாமிக்குக் கால் வலிக்கும், மாத்தி ஆடுங்கன்னார். நீங்க ராஜாவா?"

"இல்ல."

"அப்ப மிதிபடுறவர்கிட்ட ஆட்சேபணை இல்லைன்னு வாங்கிட்டு வாங்க."

வரும்போது இருபதடி இருந்த தாழ்வாரம் இப்போது இரண்டு பஸ் ஸ்டாப் தூரம் இருந்தது. திட்டிக்கொண்டே நடந்தேன்.

படத்துக்குள் நடராஜரின் காலடியில் முயலகன் கிடந்தான். "இத்தனை காலம் ஒரு தோள்லதான் வலி," என்றான். "இப்ப ரெண்டும் போச்சு."

"கையெழுத்தைப் போட்டுத் தொலைய்யா. மணி மூணு அம்பது."

"கவுண்டர்லதான் போடணும். நான் எந்திரிச்சா கால் அந்தரத்துல நிக்கும். வர்ற வரைக்கும் நீ படு."

கசங்கிவிடும் என்று புதுச் சட்டையைக் கழற்றி அவனிடம் கொடுத்தேன். படுத்தேன். கால் இறங்கியது. உயிர் போகிற வலி.

நான்கு மணிக்குக் குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஏற்றியவன் முயலகன். என் சட்டை அவனுக்குக் கச்சிதமாக இருந்தது. ஒவ்வொரு அச்சுப்படத்தின் கீழும் என் பெயரைக் கையெழுத்திட்டான். அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எனக்கு இதுவரை யாரும் ஒரு துண்டுகூடப் போர்த்தியதில்லை.

"அடேய், அது என் பேருடா!" என்று கத்தினேன்.

ஒரு பெண்மணி குனிந்து என்னை உற்றுப் பார்த்தார். "கீழ கிடக்கிறவன் முகத்துல அந்த எரிச்சல் இருக்கே, தத்ரூபம் சார்!"

"எல்லாம் அனுபவம்தாங்க," என்றான் முயலகன் அடக்கமாக.

கூட்டம் அடுத்த படத்துக்கு நகர்ந்தது. மேலேயிருந்து நடராஜர் மெதுவாகக் கேட்டார்.

"ரொம்ப வலிக்குதா? காலை மாத்திக்கவா?"

"மாத்துங்க சாமி."

"ஒரு மனு எழுதிக் குடு."

பேனா என் சட்டைப் பையில் இருந்தது. சட்டை வாசலில் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தது.