பிக்போட் வரட்டும்

வொஷிங்டனில் ஒருவர் தும்மினால் ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் நாலு பேர் அதை ஆய்வு செய்வார்கள். அந்த நாலு பேரில் முதல் ஆள் கிறிஸ்துநாயகம். வயது எழுபத்தொன்று. இருபத்தாறு வருடம் மிசிசாகாவில் விமான நிலையத்துச் சரக்குப் பகுதியில் பெட்டி ஏற்றி இறக்கிய மனுசன். முதுகு போனபிறகு அரசியல் ஆய்வாளர் ஆனார். லோறன்ஸ் வீதியில் ஒரு பிளாசா. கீழே சாப்பாட்டுக் கடை, மேலே தமிழ் வானொலி. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவருடைய நிகழ்ச்சி. கீழே ரோல்ஸ் பொரிக்கிற மணம் ஏறி வர, மேலே இவர் உலகத்தைப் பிரித்து மேய்வார்.

அந்தக் கோடையில் அமெரிக்கத் தேர்தல் சூடு பிடித்திருந்தது. ஜனாதிபதி வேட்பாளர் முடிவாகிவிட்டார். அவருக்குப் பக்கத்தில் உப ஜனாதிபதியாக யாரை நிறுத்துவது என்பதில்தான் இழுபறி. மூன்று பெயர்கள் அடிபட்டன. ஒரு பெண் செனட்டர், ஓய்வுபெற்ற ஜெனரல் ஒருவர், பிக்போட் என்ற ஆளுநர். எந்த மாநிலத்து வாக்கைக் கொண்டுவருவார், மேடையில் வாய் எப்படி, பழைய வழக்கு ஏதும் உண்டா என்று அமெரிக்கர்கள் எடைபோட்டுக்கொண்டிருந்தார்கள். நம்மவருக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. நம்மவருடைய தராசில் ஒரே ஒரு படிக்கல்தான். இவர் வந்தால் எங்களுக்கு என்ன நடக்கும்?

சிரிக்காதீர்கள். ஊரில் யுத்தம் முடிந்த அன்றைக்கு ஆமியிடம் கையளித்த பிள்ளை எங்கே என்று பதினைந்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்கு, எங்கே எந்தத் தேர்தல் வந்தாலும் அது சொந்த வீட்டு விசயம்தான்.

கிறிஸ்துநாயகத்திடம் பழைய பத்திரிகை நறுக்குகள் மூன்று பெட்டி நிறைய இருந்தன. மனைவி இருந்த காலத்தில் குப்பை என்று ஏசுவாள். அதற்குள் கையை விட்டுத் துழாவியபோது ஒன்று அகப்பட்டது. யுத்தம் முடிந்த வருடம் ரொறொன்ரோவில் வந்த தமிழ்ப் பத்திரிகை. 'சரணடைந்தவர்கள் எங்கே? அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்கள் கடிதம்' என்று தலைப்பு. கையெழுத்து வைத்தவர்களின் பட்டியலில் பதினோராவது பெயர் பிக்போட்.

மனுசனுக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. ஆளுநராவதற்கு முன் பிக்போட் காங்கிரஸில் இருந்தவர் என்பது தெரிந்த விசயம். வேறென்ன வேண்டும்? வியாழக்கிழமை ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்து, "நேயர்களே, எங்கட கண்ணீரைத் தெரிஞ்ச ஒரு மனுசன் வெள்ளை மாளிகைக்குக் கிட்ட நிக்கிறார்" என்றார். நிகழ்ச்சியை நடத்துகிற கௌசிக்கு, சின்னப் பிள்ளை, முப்பது வயதிருக்கும், தொலைபேசி எடுத்துக் கை அலுத்துவிட்டது.

கடைசி அழைப்பு அருள்மலருடையது. வெக்ஸ்போர்ட்டில் மாடிக்குடியிருப்பு ஒன்றில் இருக்கிறவர். ஒவ்வொரு வியாழனும் எடுப்பார். பெயர் சொல்லத் தேவையில்லை, மூச்சிலேயே தெரியும். மகன் கஜீவன். இருபத்துநாலு வயதில், வட்டுவாகல் பாலத்தடியில், இவரே கையைப் பிடித்துக் கொண்டுபோய் ஒப்படைத்த பிள்ளை. அன்றைக்கு வழக்கமான கேள்வி எதையும் அவர் கேட்கவில்லை. "நிகழ்ச்சி முடிஞ்சபிறகு உங்களோட தனியக் கதைக்கவேணும் அண்ணை" என்றார்.

கிறிஸ்துநாயகம் பின்னறைக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தார்.

"இவர் ஆஸ்பத்திரியில அண்ணை. டொக்டர் ரெண்டு மூண்டு கிழமை எண்டு சொல்லிப்போட்டார்" என்றார் அருள்மலர். இவர் என்றது கணவர் பத்மநாதனை.

"தெரியாதே தங்கச்சி. ஒருத்தரும் சொல்லேல்லை."

"அவருக்கு இப்ப ஒரே ஒரு ஆசைதான். தான் கண்ணை மூட முந்தி கஜீவனுக்குச் செய்யவேண்டிய கிரியையைத் தன்ர கையால செய்துபோடவேணுமாம். தர்ப்பையில உருவம் செய்து வைச்சுச் செய்யலாம் எண்டு ஐயர் சொல்லுறார். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்கே வாறன் எண்டிட்டார். நான்தான் ஓமெண்டு சொல்லேல்லை."

கிறிஸ்துநாயகம் வேதக்காரர். ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் அது என்ன கிரியை என்று விளங்காதவர் அல்ல. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஒருவரும் அதைச் செய்வதில்லை. செய்தால், பிள்ளை செத்துவிட்டான் என்று பெற்ற தாயே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"நானே கொண்டுபோய்க் குடுத்தனான் அண்ணை. நானே செத்துப்போனான் எண்டும் சொல்லுறதோ? அதுதான் உங்களைக் கேக்கிறன். நீங்கள் படிச்ச மனுசன். உள்ளதைச் சொல்லுங்கோ. உந்த பிக்போட் வந்தால் ஏதும் நடக்குமோ? நடக்காதெண்டால் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை செய்விக்கிறன்."

இப்படி ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை. ஒலிவாங்கிக்கு முன்னால் 'சாதகமான சமிக்ஞை' என்று சொல்லலாம். 'பொறுத்திருந்து பார்ப்போம்' என்று நழுவலாம். இது ஓம் அல்லது இல்லை. அவருக்கு விடை தெரியும். மூன்று தேர்தல்களில் இதே கதிரையில் இருந்து இதே கதையைச் சொன்னவர். ஒரு மண்ணும் நடக்கவில்லை. ஒரு உப ஜனாதிபதி, அதுவும் இன்னும் ஆகாத உப ஜனாதிபதி, வட்டுவாகலில் சரணடைந்தவர்களை ஏற்றிய பேருந்து எங்கே போனது என்று கண்டுபிடித்துத் தரப்போகிறாரா? அடிமனசில் அவருக்கு அது தெரிந்தே இருந்தது.

ஆனால் அந்தக் குரலுக்கு 'இல்லை' என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. கோழைத்தனம், வேறொன்றுமில்லை. அதோடு, காலையில் அத்தனை பேர் எடுத்துப் பாராட்டிய சந்தோசமும் இன்னும் தலையில் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"அவசரப்படாதேங்கோ தங்கச்சி. பொறுங்கோ. ரெண்டு கிழமையில அறிவிச்சிடுவாங்கள். அதுக்குப் பிறகு யோசிப்பம்."

"சரி அண்ணை" என்று வைத்துவிட்டார்.

பத்மநாதன் பத்தாம் நாள் போய்விட்டார். கிறிஸ்துநாயகத்துக்கு அது தெரிந்தது வானொலி நிலையத்தில்தான். பக்கத்து அறையில் கௌசி மரண அறிவித்தல் வாசித்துக்கொண்டிருந்தாள். அருள்மலரின் அன்புக் கணவரும், என்று தொடங்கி, கஜீவனின் பாசமிகு தந்தையும், என்று வாசித்தாள். மகனின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்ற சொல் இல்லை. அதைக் கேட்ட மனுசனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

செத்தவீட்டுக்குப் போனார். மருமகன் கிரியை செய்தார். பிரேதத்துக்குப் பக்கத்தில் இருந்த அருள்மலர் எழும்பி வந்து, "நீங்கள் சொன்னபடி பொறுத்திட்டன் அண்ணை" என்றார். குறை சொல்லவில்லை, ஒரு தகவல் மாதிரிச் சொன்னார். அன்றிரவு கிறிஸ்துநாயகம் சாப்பிடவில்லை.

அடுத்த கிழமை அறிவித்தார்கள். செனட்டரும் இல்லை, ஜெனரலும் இல்லை. பிக்போட்.

வானொலியில் திருவிழாதான். கீழ்க் கடைக்காரர் ஒரு தட்டு நிறைய வடை கொண்டுவந்து வைத்தார். "அண்ணை, சொல்லி அடிச்சிட்டியள்" என்று ஆளாளுக்குத் தோளில் தட்டினார்கள். கிறிஸ்துநாயகமும் சிரித்தார். அருள்மலர் பொறுத்ததற்கு ஒரு அர்த்தமாவது வரட்டுமே என்று அவருக்குள் ஒரு நப்பாசை, வெட்கங்கெட்ட நப்பாசை.

மத்தியானம் கௌசி கூப்பிட்டாள். "அங்கிள், ஒருக்கா இஞ்ச வாங்கோ. முகநூலில போட எண்டு அந்தக் கடிதத்தின்ர இங்கிலிஸ் கொப்பியைத் தேடி எடுத்தனான். அதில ஆளுநற்ர பேர் இல்லை."

"பதினோராவதைப் பாரும் பிள்ளை."

"பாத்தனான். பதினோராவது பிக்போட்தான். ஆனா அந்த பிக்போட் இல்லை. இது பழத்துக்கு வாற ப. ஆளுநர் பஸ்சுக்கு வாற ப."

கிறிஸ்துநாயகம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டக் குனிந்தார். இங்கிலிஸில் முதல் எழுத்தே வேறு. தமிழில் பழத்துக்கும் பஸ்சுக்கும் ஒரே ப. பத்திரிகைக்காரன் பிழை விடவில்லை. பாவம், தமிழும் ஒரு பிழையும் செய்யவில்லை. மூன்று பெட்டி நறுக்கு வைத்திருந்தும் ஒரு தடவை மூலத்தைப் பார்க்காத மடையன் அவர்தான்.

"அப்ப கையெழுத்து வைச்ச ஆள்?"

"அடுத்த வருசமே தோத்துப்போனார். செத்து ஆறு வருசமாம். ஆளுநரும் அப்ப காங்கிரஸில இருந்தவர்தான், ஆனா உதில கையெழுத்து வைக்கேல்லை." கௌசி குரலைத் தாழ்த்தினாள். "விடுங்கோ அங்கிள். ஆரும் கவனிக்க மாட்டினம். இங்கிலிஸ் கொப்பியைப் போடாமல் விடுறன்."

"மற்றவையை விடு பிள்ளை. ஒராளுக்குச் சொல்லவேணும்" என்று அவர் பையை எடுத்து மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

ஒன்பதாம் மாடி. கதவைத் திறந்த அருள்மலரின் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அதைக் கண்டதும் கிறிஸ்துநாயகத்துக்குத் திரும்பி ஓடிவிடலாம் போல் இருந்தது. சுவரில் பத்மநாதனின் படத்துக்கு மாலை. பக்கத்தில் கஜீவனின் படத்துக்கு ஒன்றும் இல்லை.

"கேட்டனான் அண்ணை, ரேடியோவில கேட்டனான். இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

"வேண்டாம் தங்கச்சி. நீங்களும் இருங்கோ."

அருள்மலர் இருக்கவில்லை. மேசையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து நீட்டினார். கஜீவனின் முழுப் பெயர், பிறந்த திகதி, அன்றைக்குப் போட்டிருந்த நீலச் சேட்டு, இடது புருவத்தில் இருந்த தழும்பு, எல்லாம் முத்து முத்தான கையெழுத்தில். "இதை இங்கிலிஸில மாத்தித் தாங்கோ அண்ணை. பிக்போட்டுக்கு அனுப்புவம். அவருக்கு ஏற்கெனவே தெரிஞ்ச விசயம்தானே."

கிறிஸ்துநாயகம் சொன்னார். பழத்தையும் பஸ்சையும் சொன்னார். பெயர் ஒன்று, ஆள் வேறு என்றார். கையெழுத்து வைத்தவர் செத்துப்போனார் என்றார். ஒரு வசனத்தைப் பாதியில் விட்டு அடுத்ததைத் தொடங்கி, சொன்னதையே திரும்பச் சொல்லி, கடைசியில், "நான் பாத்திருக்கவேணும். என்ர பிழை. என்னை மன்னியுங்கோ" என்று முடித்தார்.

அருள்மலர் கடதாசியை மடித்தார். பிறகு எதிரே கதிரையில் இருந்தார். அழவில்லை.

"பேர் மாறினது போகட்டும் அண்ணை. சரியான ஆளாய் இருந்திருந்தா? ஏதும் நடந்திருக்குமோ?"

ஒலிவாங்கி இல்லை; நேயர்கள் இல்லை. நழுவ இடம் இல்லை.

"இல்லைத் தங்கச்சி. ஒண்டும் நடந்திராது."

"இது உங்களுக்கு அண்டைக்கே தெரியுமோ?"

பெயர்க் குழப்பத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இந்தக் கேள்விக்குத் தப்பிவிடலாம் என்றுதான் வரும் வழி முழுக்க நினைத்திருந்தார். அது இப்போதுதான் அவருக்கே பிடிபட்டது. தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"தெரியும்."

"அண்டைக்கு நான் கேட்டதும் இதைத்தானே அண்ணை."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அருள்மலர் கோபமில்லாமல்தான் கதைத்தார். கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ நல்லது.

"அந்த ஞாயிறு விடியவே இவர் நேர்ஸைக் கூப்பிட்டு முகம் வழிச்சுவிடச் சொல்லியிருக்கிறார். ஐயர் வருவார் எண்டு. எழும்பி இருக்க ஏலாத மனுசன், தலகாணி அடுக்கி நிமிந்து இருந்தவர். நான் போய், ஐயரை வரவேண்டாம் எண்டிட்டன், பிக்போட் வரட்டும் எண்டு சொன்னனான்."

கிறிஸ்துநாயகம் நிமிர்ந்தார். "அவர் என்ன சொன்னவர்?" என்று கேட்டார்.

"ஆரப்பா அது எண்டு கேட்டவர். நீங்கள் ரேடியோவிலயும் எனக்கும் சொன்னது எல்லாத்தையும் சொன்னனான். கனநேரம் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவர். பிறகு, அண்ணை சொன்னாச் சரியாத்தான் இருக்கும், அப்ப பொறுப்பம் எண்டவர்."