இரண்டு சாமுவேல் வெல்டன்கள்

டென்மார்க்கின் எந்த மூலையில் யாழ்ப்பாணத்தார் இரண்டு பேர் சந்தித்தாலும் மூன்றாவது வசனத்தில் அந்தக் கேள்வி வந்துவிடும்: "ஊரிலை எவடம்? ஆற்றை ஆக்கள்?" யாருடைய ஆட்கள் என்று, சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமல் சாதியைக் கேட்கும் முறை அது. இக்காஸ்ட் துணி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அருளானந்தம் அதற்கு ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்.

"நாங்கள் வெல்டன் ஆக்கள். எங்கடை முதல் ஆள் சாமுவேல் வெல்டன், அமெரிக்காக்காரன். படைக்காரப் பரம்பரை."

கேட்டவர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார். அந்தச் சிரிப்பை அருளானந்தம் மரியாதை என்றே எடுத்துக்கொண்டார். தாய் தகப்பனை இழந்து திருகோணமலையில் வளர்ந்தவருக்கு வேறுவிதமாகச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கவில்லை.

இந்தமுறை கேள்வி கோல்டிங் நகரிலிருந்து வந்தது. மகள் சாருஜாவும் அந்த ஊர்ப் பொடியன் சுஜனும் ஒருவரையொருவர் விரும்பியிருந்தார்கள். சுஜனின் தாய் ராசமலர் ஞாயிற்றுக்கிழமை கலியாணம் பேச வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

"அம்மாவுக்கு ஒரு பதில் இருந்தாக் காணும். அந்தப் பதில் இல்லாட்டி அவவை எதிர்த்து என்னாலை நிக்கேலாது, முதலே சொல்லிப்போட்டன்" என்று சுஜன் சாருஜாவிடம் டேனிஷில் சொன்னான். அவனுடைய நேர்மை சாருஜாவுக்குப் பிடிக்கும். அன்று மட்டும் பிடிக்கவில்லை.

பதிலை நிரூபிக்கத்தான் அவள் பக்கத்து நகரமான ஹேர்னிங்கில் வம்சாவளி தேடும் மாலை வகுப்பில் சேர்ந்தாள். எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். ஒழுங்காகச் செய்துமுடித்த பிறகும் பிழை விட்டிருப்பேனோ என்று பயப்படுகிறவள். அமெரிக்க ஆவணங்கள் இணையத்தில் கொட்டிக் கிடந்தன. கனெக்டிகட் என்ற பழைய குடியேற்ற நாட்டில், இங்கிலாந்து அரசனுக்காகப் பிரெஞ்சுக்காரரோடு சண்டை போட்ட கப்டன் ஒபடாயா வெல்டன் அகப்பட்டார். அவருக்கு ஒரே பேரன். பெயர் சாமுவேல். அமெரிக்கப் பாதிரிமார் யாழ்ப்பாணம் வந்த காலத்தோடு அவனுடைய வயது அச்சொட்டாகப் பொருந்தியது.

அவள் துள்ளிக் குதித்து அப்பாவிடம் சொன்னாள். அப்பா மறுநாளே தேவாலயத்தில் சபை முழுக்கச் சொன்னார்.

"பிறந்ததைக் கண்டால் சந்தோசப்படாதே, செத்ததையும் தேடு" என்பது வகுப்பு ஆசிரியையின் கண்டிப்பு. சந்தோசப்பட்ட பிறகுதான் சாருஜா தேடினாள். கப்டனின் பேரன் சாமுவேல் பதினொரு வயதில் காய்ச்சலில் இறந்திருந்தான். கல்லறையின் படம்கூட இருந்தது.

அப்படியானால் யாழ்ப்பாணத்துக்கு வந்த சாமுவேல் யார்? அந்தப் பாதிரிமாரை அனுப்பிய மிசன் சங்கத்தின் பழைய ஆண்டறிக்கை ஒன்றில் இரண்டே வரியில் விடை கிடந்தது. அந்த ஒரே பிள்ளையை இழந்த தாய், விதவை வெல்டன், யாழ்ப்பாண விடுதிப் பள்ளியில் ஒரு பையனின் படிப்புச் செலவை ஏற்றிருந்தாள். தன் மகனின் பெயரை அவனுக்கு வைக்கும்படி கேட்டிருந்தாள். வைத்தார்கள். பையன் அநாதை. அவனது பழைய பெயரோ பெற்றோரின் பெயரோ எங்கேயும் இல்லை.

கப்டனின் வழி அந்தக் கல்லறையோடு முடிந்திருந்தது. இவர்களுடைய வழிக்குத் தொடக்கமே இல்லை.

சனிக்கிழமை அவள் இதை அப்பாவிடம் சொன்னாள். அருளானந்தம் வருகிறவர்களுக்குப் பலகாரமாகப் பொரிக்கவிருந்த பட்டீசுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். மனைவி காலமான பிறகு அந்த வீட்டில் சமையல் அவருடையதுதான்.

"நீ பிழையா வாசிச்சிருப்பாய்."

"மூண்டுதரம் பாத்தன், அப்பா."

"நாலாந்தரம் பார்."

பார்த்தாள். அதேதான்.

ஞாயிற்றுக்கிழமை ராசமலரும் சுஜனும் வந்தார்கள். பட்டீஸ் நன்றாயிருக்கிறது, இக்காஸ்டில் குளிர் கூட என்றெல்லாம் பேசி ஓய்ந்தபின், அருளானந்தம் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

"எங்கடை வழியிலை ஒபடாயா வெல்டன் எண்டு ஒரு கப்டன்..."

ராசமலர் சிரித்தார். அருளானந்தம் ஆயுள் முழுக்கப் பார்த்த அதே சிரிப்பு.

"அண்ணை, அது மிசன் வைச்ச பேரெல்லோ. எங்கடை ஊரிலையும் ஒரு வில்லியம்ஸ், ஒரு ஹென்றி இருந்தவை. ஹென்றி கறுவல், கட்டை, அமெரிக்காவைப் படத்திலையும் காணாதவர்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "குறை நினையாதேங்கோ. பேர் வைக்க முந்தி ஆர் எண்டுதான் கேக்கிறன்."

அருளானந்தம் மகளைப் பார்த்தார். ஏதாவது ஒரு ஊர், ஏதாவது ஒரு குடும்பம் சொன்னால் போதும். அதைச் சரிபார்க்க இந்த உலகத்தில் ஒருவராலும் முடியாது. அது சாருஜாவுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். சுஜன் தன் கோப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியாது, அன்ரி" என்றாள். "ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை."

"சரி, பிள்ளை. உண்மையைச் சொன்னாய், அது நல்ல குணம்" என்றார் ராசமலர். எழுந்து கைப்பையை எடுத்தார்.

வாசலில் சுஜன் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினான். ஒன்றைக் கட்டி, அவிழ்த்து, திரும்பக் கட்டினான். தலை நிமிரவில்லை.

"சுஜன்" என்றாள் சாருஜா.

"பிறகு போன் எடுக்கிறன்" என்று டேனிஷில் சொல்லிவிட்டு, தாய்க்குக் கார்க் கதவைத் திறக்கப் போனான்.

கார் போனபின்னும் அருளானந்தம் கதவைச் சாத்தவில்லை. குளிர் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது.

"வாய்க்கு வந்த ஒண்டைச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை."

"நீங்களும் சொல்லியிருக்கலாம், அப்பா."

"எனக்கு வெல்டனைத் தவிர வேறை ஒருத்தரையும் தெரியாதே" என்றார் அவர்.