நாற்பத்தொரு குழி

காலை ஆறு மணிக்குக் கதவு பூட்டிக் கிடந்தது. முந்தின நாள் மாலை அந்த இடத்தில் கதவே கிடையாது. இரண்டு கல்தூண் நட்டு, நடுவில் இரும்புக் கதவு மாட்டி, சங்கிலி சுற்றி, கையகலப் பூட்டு போட்டிருந்தார்கள். தூணின் அடியில் சிமெண்டு இன்னும் ஈரமாக இருந்தது. பதினெட்டுப் பெண்கள் அதன் முன்னால் நின்றார்கள். ஒவ்வொருத்தி இடுப்பிலும் திராட்சைக் குலை நறுக்கும் கத்தரி தொங்கியது.

கதவுக்கு அந்தப் பக்கம் காவலாளி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நேற்றுவரை மலையடிவாரச் சுற்றுலா விடுதியில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவன். புதுச் சட்டையின் மடிப்பு கலையவில்லை.

"என்னடா தம்பி, எங்களுக்குன்னே ஜெயில் கட்டிட்டீங்களா?" என்றாள் நெட்டச்சி. கூட்டத்திலேயே உயரமானவள். அவள் தலை கதவுக்கு மேலே தெரிந்தது.

"ஜெயில்னா உள்ள தள்ளிப் பூட்டுவாங்கக்கா. இது வெளிய நிறுத்துற கதவு. போர்டைப் படிங்க."

'விடுதி விருந்தினர் மலைநடைப் பாதை. மற்றவர்களுக்கு அனுமதி இல்லை' என்று பலகையில் எழுதியிருந்தது. பக்கத்தில் முதுகுப்பையும் கைத்தடியுமாக ஒரு பொம்மை மனிதன் மேலே ஏறிக்கொண்டிருந்தான்.

"அண்ணி, என்னை முறைக்காதீங்க," என்று காவலாளி நெட்டச்சிக்குப் பக்கத்தில் நின்றவளைப் பார்த்துச் சொன்னான். அவள் அவனுடைய பெரியப்பா மகனின் மனைவி. குலை நறுக்குவதில் அவள் கைக்கு ஈடு கிடையாது என்பதால் எல்லோருக்கும் அவள் கத்தரி. "மேனேஜர் சாவியை அவர் இடுப்புலயே வெச்சிருக்கார்."

கத்தரி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இந்தப் பாதையில் ஏறி, மூடிக் கிடக்கும் கல்குவாரியின் விளிம்பில் நடந்து, மறுபக்கம் இறங்கினால் திராட்சைத் தோட்டம். நாற்பது நிமிடம். ரோட்டு வழியாக மலையைச் சுற்றிப் போனால் பதினொரு கிலோமீட்டர். தோட்டத்தின் வாசலில் ஏழு மணிக்கு நோட்டை மூடிவிடுவார்கள். அதன் பிறகு வந்தவள் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு. ஒரு பருவத்தில் மூன்று கோடு விழுந்தால் வேலை போய்விடும். கத்தரிக்கு ஏற்கெனவே இரண்டு. புருஷனுக்கு மூச்சுத் திணறிய இரண்டு காலைகள்.

"நின்னு என்ன ஆகப்போகுது, ஓடுங்கடி," என்றாள்.

அன்று பழக்கூடை ஏற்றப் போன லாரிக்காரர் பாதி வழியில் நிறுத்தி அவர்களை ஏற்றிக்கொண்டார். ஏழுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வாசலில் குதித்தார்கள். மறுநாள் முதல் நாலரை மணிக்கே கிளம்பினார்கள். லாரி தினமும் வராது.

கத்தரியின் புருஷனைக் குவாரியில் எல்லோரும் டமாரம் என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருடம் பாறையில் துளை போட்டதில் இரண்டு காதும் போய்விட்டது. தனக்குக் கேட்காததால் ஊருக்கே கேட்கும்படி பேசுவார். நுரையீரலில் கல்தூசி. அதற்கு நஷ்டஈடு கேட்டு இரண்டு முறை மனுப் போட்டார். 'மேற்படி நபர் குவாரியில் பணிபுரிந்ததற்கு ஆதாரம் இல்லை' என்று இரண்டு முறையும் பதில் வந்தது. கூலியைக் கங்காணி கையில் வாங்கியவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறியிருக்கவில்லை. அந்தக் கடிதங்கள் ஒரு பிளாஸ்டிக் உறையில் ஆணியில் தொங்கின.

பாதை விஷயம் தெரிந்ததும் அவர்தான் குதித்தார். "அது யார் அப்பன் வீட்டுப் பாதை? குவாரிக் கல்லு பூரா அதுல இறங்கினதுதானே! வா, நில அலுவலகத்துக்குப் போவோம்."

பதினெட்டுப் பேரும் கையெழுத்துப் போட்ட மனுவை அலுவலகத்தில் ஒரு பெண் சர்வேயர் வாங்கிப் படித்தார். நடுத்தர வயது. கழுத்தில் வெயில் தொப்பியின் கயிறு பதிந்த கோடு இருந்தது.

"வரைபடத்துல அங்க பாதை இல்லையேம்மா. விடுதிக்காரங்க தாங்களே புதுசா போட்டதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. பழைய பாதைதான்னா தரையில ஏதாவது அடையாளம் வேணும். மலையில எந்தப் பக்கம் இருந்தாலும் போதும், முழுப் பாதையையும் யாரும் மூட முடியாது."

கத்தரி அதைப் புருஷன் முகத்துக்கு நேராக வாயை அசைத்துச் சொன்னாள். "அடையாளமா? முளைக்குழி இருக்கு மேடம்!" என்று டமாரம் கத்தியதில் பக்கத்து மேஜைக்காரர் பேனாவைக் கீழே போட்டார். "நாப்பத்தொண்ணு! எல்லாம் நான் போட்டது!"

லாரி ஏற முடியாத மலை அது. வெட்டிய கல்லை மரச்சறுக்கில் ஏற்றி இறக்கத்தில் விடுவார்கள். சறுக்கு தறிகெட்டு ஓடாமல் இருக்க, வழி நெடுகப் பாறையில் குழி போட்டு, முளைக்கட்டை நட்டு, அதில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவார்கள். ஒரு முளையில் கயிறு தீரும் இடத்தில் அடுத்த முளை. எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார். சர்வேயர் எழுதிக்கொண்டு, "புதன்கிழமை பத்து மணிக்கு வர்றேன்," என்றார்.

மாடிப்படி இறங்கும்போது மூன்றாவது படியில் டமாரம் நின்றுவிட்டார்.

"என்னய்யா, மூச்சு வாங்குதா?"

"அடச்சே," என்றார். "போன வருஷம் நான்தானே அதை அடைச்சேன்."

விடுதிக்காரர்கள் பாதையைச் சீர்செய்தபோது, நடக்க வருகிறவர்களின் கால் மாட்டிக்கொள்ளும் என்று குழிகளை மூடச் சொன்னார்கள். அவரும் இன்னும் இரண்டு பழைய ஆட்களும் எட்டு நாள் வேலை செய்தார்கள். குழிக்குள் ஜல்லி போட்டு, மேலே நாலு விரல் கனத்துக்குச் சிமெண்டு பூசி, காய்ந்த பிறகு பாறையின் நிறத்துக்கே தேய்த்துவிட்டார்கள். அதற்கும் மேலே விடுதிக்காரர்கள் செம்மண் கொட்டி உருளை விட்டார்கள்.

"இப்ப பார்த்தா தெரியுமா?"

"எப்படித் தெரியும்? எனக்கே தெரியாது. அவ்வளவு சுத்தமா செஞ்சேன்."

"ஒரு வேலையையாவது அரைகுறையா செய்யத் தெரியுதா உனக்கு!" என்றாள் கத்தரி. பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான், "புதன்கிழமை லீவு சொல்லிடறேன். சிவப்புக் கோடு விழாது, சம்பளம்தான் போகும்," என்றாள்.

புதன்கிழமை குவாரியின் விளிம்பில் நல்ல வெயில். கீழே வெட்டிய பள்ளத்தில் பச்சைத் தண்ணீர் தேங்கியிருந்தது. மறுபக்க இறக்கத்தின் அடியில் திராட்சைக் கொடிகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. சர்வேயர் ஒரு உதவியாளோடு வந்திருந்தார். விடுதியின் மேனேஜர் வெள்ளை ஷூவில் வந்தார். நெட்டச்சியோடு சேர்த்து ஐந்து பெண்கள் லீவு போட்டு வந்திருந்தார்கள். நடைபயணம் வந்த விருந்தினர் நாலைந்து பேர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"குழி எங்க பெரியவரே?" என்றார் மேனேஜர். "எனக்கும் காட்டுங்க, தெரிஞ்சுக்கறேன்."

டமாரம் செருப்பைக் கழற்றினார். இறக்கம் தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய பாறை முனை. அதில் கயிறு உரசி உரசி விழுந்த பள்ளம் இருந்தது. அதில் குதிகாலை வைத்து, கடப்பாரையைத் தோளில் சாய்த்து, எண்ணிக்கொண்டே நடந்தார். இருபது எட்டு. நின்று, கடப்பாரையைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் குத்தினார். அரை எட்டு தள்ளி இன்னொரு குத்து. வலப்பக்கம். இடப்பக்கம். ஒன்றும் இல்லை. எல்லாம் திடப்பாறை. கடப்பாரை கையை உதறியது.

"காது கேக்காதவர் தட்டிப் பார்த்து என்ன கண்டுபிடிக்கப் போறார்?" என்றார் மேனேஜர் சர்வேயரிடம்.

"அவருக்குக் கையில கேக்கும்," என்றாள் கத்தரி. "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க சார்."

டமாரம் மறுபடி மேலே போய் மறுபடி இருபது எட்டு நடந்தார். முதலில் நின்ற இடத்திலேயே வந்து நின்றார். நெற்றியில் வியர்வை. மூச்சு விசில் போல வந்தது. அவர் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்த கத்தரி அப்போதுதான் அதைக் கவனித்தாள். கல்யாணமான புதிதில் அவர் ஒரு எட்டு வைத்தால் அவள் இரண்டு வைத்து ஓட வேண்டியிருக்கும். இப்போது அவர் பாதம் பாதமாகத்தான் வைக்கிறார்.

அவர் முன்னால் போய் நின்று, "யோவ், குழி போட்டப்ப உனக்கு என்ன வயசு?" என்று வாயசைத்தாள். "அந்த எட்டா இது? நெட்டச்சி, நீ நட. கைய வீசி நட."

நெட்டச்சி சேலையைச் செருகிக்கொண்டு நடந்தாள். இருபதாவது எட்டு டமாரம் நின்ற இடத்தைத் தாண்டி வெகுதூரம் போய் விழுந்தது. அவர் அங்கே போய்க் குத்தினார். ஒரு முறை. இரண்டு முறை. மூன்றாவது குத்தில் அவர் முகம் மாறியது.

"செத்த அடி!" என்று கத்தினார். "கை உதறல! இங்கதான்!"

கத்தரி செம்மண்ணைக் கையால் வழித்தாள். உளியை வைத்து நாலு போடு போட்டதும் சிமெண்டு மூடி இரண்டாகப் பிளந்தது. ஜல்லியைத் தோண்டி எடுத்தார்கள். ஒரு சாண் அகலத்தில், முழங்கை ஆழத்தில், வட்டம் பிசகாத குழி. சர்வேயர் முட்டிபோட்டு உள்ளே கையை விட்டுப் பார்த்தார்.

"அடுத்தது?"

அடுத்ததை நெட்டச்சியின் எட்டும் டமாரத்தின் கையும் சேர்ந்து சீக்கிரமே பிடித்துவிட்டன. சர்வேயர் இரண்டு குழிக்கும் நடுவே டேப் பிடித்தார். பதின்மூன்று மீட்டர் நாற்பது. டேப்பைச் சுருட்டாமல் அப்படியே கீழே இழுத்துக்கொண்டு போய்ப் பதின்மூன்று நாற்பதில் நின்று, தன் ஷூவால் தரையைத் தொட்டார். "இங்கயா?"

டமாரம் ஒரே குத்து. "அதேதான் மேடம்!"

"கயிறு ஒரே நீளம்தானே. எங்க போகும்?" என்றாள் கத்தரி மேனேஜரைப் பார்த்து.

அதற்குப் பிறகு நிற்கவில்லை. டேப் விழுந்த இடத்திலெல்லாம் குழி இருந்தது. பெண்கள் ஒவ்வொரு மூடியையும் உடைத்து ஜல்லியை அள்ளி, உதவியாள் உள்ளே அளக்க, எண்ணிக்கையை உரக்கச் சொன்னார்கள். பத்தில் விருந்தினர் ஒருவர் கைதட்டினார். பதினைந்தில் அவர்களும் சேர்ந்து எண்ணினார்கள். வளைவு வரும் இடத்தில் மட்டும் டேப் ஏமாற்றியது. "வெளிப்பக்கம் பாருங்க, வளைவுல சறுக்கு வெளியதான் தள்ளும்," என்று டமாரம் சத்தம் போட்டார். வெளிப்பக்கம் இருந்தது. மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார்.

இருபத்தெட்டில் டமாரம் உட்கார்ந்துவிட்டார். உதடு நீலம் பாரித்திருந்தது. மருந்தை உறிஞ்சிக்கொண்டு கடப்பாரையை மனைவியிடம் நீட்டினார். கத்தரி வாங்கிக் குத்தினாள். பாறை அவள் தோள்வரை உதறியது. ஒரு கையகலம் தள்ளிக் குத்தினாள். ஈரச் சாக்கில் குத்தியதுபோல அடி அப்படியே அடங்கியது.

"அட, எனக்கும் கேக்குதுய்யா!"

"இத்தனை வருஷம் உங்கூடக் கத்திக் கத்தி என் புத்தி உனக்கு வந்துடுச்சு," என்றார் அவர். உட்கார்ந்தபடியே சரிவில் வழுக்கி வழுக்கி இறங்கி வந்தார்.

நாற்பத்தொன்றாவது குழி திராட்சைத் தோட்டத்தின் வேலியை ஒட்டி இருந்தது. நெட்டச்சி அதற்குள் காலை விட்டு ஒற்றைக்காலில் நின்று, "வந்துட்டோம்டி!" என்று கூவினாள். கொடிகளுக்கு நடுவே வேலை செய்துகொண்டிருந்த மற்ற பெண்கள் நிமிர்ந்தார்கள். கத்தரிகளைத் தலைக்கு மேலே தூக்கி டக் டக் டக் என்று தட்டினார்கள். வரிசை வரிசையாக அந்தச் சத்தம் பரவியது. டமாரத்துக்கு அது கேட்கவில்லை. கத்தரிகள் வெயிலில் மின்னியதைப் பார்த்தார்.

சர்வேயர் நோட்டில் கடைசி எண்ணை எழுதி அடிக்கோடு போட்டார். "பழைய பாதைதான். நாளைக்குக் கதவை எடுத்துடணும் சார்," என்று மேனேஜரிடம் சொன்னார்.

டமாரம் சர்வேயர் பக்கம் போய், தன்னால் முடிந்த அளவு குரலைத் தாழ்த்தினார். அப்போதும் எல்லோருக்கும் கேட்டது. "மேடம், இதையெல்லாம் போட்டது நான்தான்னு அதுல ஒரு வரி எழுதுவீங்களா? பேரோட?"

சர்வேயர் நோட்டைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "பார்க்கறேன்," என்றார்.

மறுநாள் கதவைக் கழற்றியது காவலாளிதான். பெண்கள் வரும் நேரத்துக்காகவே காத்திருந்து, அவர்கள் கண் முன்னால் பூட்டைத் திறந்தான். "அண்ணி, முதல் கால் நீங்க வைங்க." ஆறே முக்காலுக்கு அவர்கள் தோட்டத்தின் வாசலில் இருந்தார்கள். நோட்டைத் திறந்து வைத்திருந்த சூப்பர்வைசர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

அறிக்கையின் நகல் இரண்டு வாரம் கழித்துத் தபாலில் வந்தது. ஆறு பக்கம். கத்தரி வேலைவிட்டு வந்து, வாசற்படியில் உட்கார்ந்து, புருஷன் தன் வாயைப் பார்க்க வசதியாக விளக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு படித்தாள். ஒவ்வொரு குழிக்கும் எண், அகலம், ஆழம், அடுத்த குழிக்கு உள்ள தூரம். ஏழாவது குழியில் ஓரம் சிதைந்திருந்ததைக்கூட எழுதியிருந்தார்கள்.

"யார் போட்டதுன்னு இருக்கா?"

அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். "இருக்கு. 'முன்பு இயங்கிய குவாரி நிறுவனத்தால் அமைக்கப்பட்டவை.'"

"அப்புறம்?"

அவள் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினாள். ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஊதா முத்திரையின் மை மட்டும் ஊறி வந்திருந்தது.

டமாரம் ஆணியிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தார். ஆறு தாளையும் ஓரம் பிசகாமல் அடுக்கி, பழைய இரண்டு கடிதங்களோடு சேர்த்து உள்ளே செருகி, மறுபடி மாட்டினார். உறையின் ஒரு பக்கம் 'ஆதாரம் இல்லை' என்ற வரி தெரிந்தது. மறுபக்கம், அதே ஊதா முத்திரைக்கு மேலே, நாற்பத்தொன்றாவது குழியின் ஆழம் மில்லிமீட்டர் கணக்கில் தெரிந்தது.