சிவப்பு வட்டம், கீழே ஒரு கோடு

சசிரேகாவின் டிரைவிங் ஸ்கூல் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், உரக்கடை மாடியில் இருந்தது. சுவர் முழுக்கப் போக்குவரத்துச் சின்னங்கள். கண்ணுக்கு அழகாக ஒன்றாவது இருக்கட்டும் என்று ஒரு மாதம் ஃபோனில் தேடி, ஓர் ஓவியப் பிரதியை வரவழைத்தாள். அருங்காட்சியகத் தரம், பருத்திக் காகிதம், நூறு வருஷம் ஆனாலும் சாயம் போகாது என்று போட்டிருந்தார்கள். வெள்ளைப் பரப்பில் ஒரு சிவப்பு வட்டம். அதன்கீழ் ஒரு கறுப்புக் கோடு. அவ்வளவுதான். தன் நாற்காலிக்குப் பின்னால் அதை மாட்டியதும் அறையே பெரிதானது போலிருந்தது அவளுக்கு.

மறுநாள் வெங்கடேசன் வந்தார். புள்ளலூரில் நெல் பயிரிடுகிறவர். ஐம்பத்தெட்டு வயதில் கார் ஓட்டக் கிளம்பியவர். எதையும் அரைகுறையாகக் கற்க மாட்டார்.

"இது இன்னா சைன் மேடம்? புக்குல இல்லியே?"

"சைன் இல்லண்ணா. சும்மா நின்னு பாக்கறதுக்கு."

அவர் தலையாட்டிவிட்டு நோட்டில் ஏதோ எழுதினார். படத்தின் பேரைத்தான் குறித்துக்கொள்கிறார் என்று அவள் பெருமைப்பட்டாள்.

லைசென்ஸ் தேர்வன்று ஆய்வாளர் ஐந்து சின்னங்கள் கேட்டார். ஐந்துக்கும் வெங்கடேசனிடம் பளிச்சென்று பதில் வந்தது.

"வேற எதுனா தெரியுமா?"

"செவப்பு ரவுண்டு, கீய ஒரு கோடு சார். வண்டிய ஓரங்கட்டி, எறங்கி, சும்மா நின்னு பாக்கணும்."

பக்கத்தில் நின்ற சசிரேகா அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். ஆய்வாளர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். பிறகு அவளைத் தனியே அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"இது எப்ப வந்துச்சு?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "போன மாசம் சார். கூரியர்ல."

"எங்களுக்கு இன்னும் வரல," என்றார் அவர் வருத்தமாக. "எதத்தான் நேரத்துக்கு அனுப்பறானுங்க!"

வெங்கடேசன் பாஸ்.

அன்று சாயங்காலமே சசிரேகா படத்தைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள். திங்கட்கிழமை புதிதாக மூன்று பேர் மாடியேறி வந்தார்கள். முன்னால் நின்ற எல்லம்மாள் சுவரை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"ரவுண்டு கோடு எங்க கீது மேடம்? வேற ஸ்கூல்ல அத நடத்தறதே இல்லியாம். வெங்கடேசண்ணன் சொல்லித்தான் இங்க வந்தோம்."

அது ஓவியம், சாலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சசிரேகா எவ்வளவோ எடுத்துச் சொன்னாள். எல்லம்மாள் அசையவில்லை.

"கஸ்டமா இருந்தாலும் பரவால்ல மேடம். நாங்க படிச்சிக்கிறோம்."

வகுப்பை அரைமணி நேரம் தள்ளிவைத்துவிட்டு, படத்தை எடுத்துவர சசிரேகா ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.