புது எஞ்ஜினுக்கு ஒரு பாரம்

கொட்டாஞ்சேனையில் மலர்ச்சாலை நடத்தி, சவப்பெட்டியும் இறுதி ஊர்வலமும் ஒழுங்குசெய்துவந்த ஹியூபேட்டுக்குத் தொழிலில் குறை எதுவும் இல்லை. சாவுக்குப் பஞ்சமில்லாத யுத்தகாலம் அது. குறையெல்லாம் அவருடைய பிரேத வண்டியில்தான். தொண்ணூற்றேழாம் ஆண்டு, ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரின் ஊர்வலத்தில், தேவாலய வாசலை எட்டுமுன்பே அது நீலப் புகையைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. பாண்ட் வாத்தியக்காரர்கள் வாத்தியங்களைக் கீழே வைத்துவிட்டு வண்டியைத் தள்ளினார்கள். அந்த வெட்கத்தோடுதான் ஹியூபேட் பஞ்சிகாவத்தை மெக்கானிக் ஹாஷிம் நானாவிடம் எஞ்ஜினை முழுதாகப் பிரித்துச் செய்யக் கொடுத்தார்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது நானா ஒரு நிபந்தனை போட்டார்.

"புது பிஸ்டன், புது ரிங்ஸ் எல்லாம் போட்டீக்கி. இனி இத மெதுவா உருட்டப்படாது. பாரத்தோட ஏத்தத்துல ஓட்டுங்க, வேகத்தக் கூட்டிக் குறைச்சு ஓட்டுங்க. அப்பதான் ரிங்ஸ் சிலிண்டரோட ஒட்டிச் சேரும். இல்லாட்டி காலம் முழுக்க ஒயில் குடிக்கும்."

"நானா, இது சவ ஊர்வலம் போற வண்டி. மெதுவாப் போறதுதானே எங்கட தொழில்."

"அப்ப எஞ்ஜின் பழகி ரன்னிங் இன் முடியுமட்டும் மையத்து ஏத்தாதீங்க. சாதாரண ஒயிலே ஊத்துங்க. வழுக்கல் கூடின ஒயில் ஊத்தினா ரிங்ஸ் உரசாது, உரசாட்டி சேராது."

சிக்கல் வீட்டுக்குள் இருந்தது. மனைவி மாக்ரெட்டின் தம்பி நோபேட் ஜெர்மனியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். எஞ்ஜின் செய்யும் செய்தியைத் தொலைபேசியில் கேட்டவன், பிள்ளைகளுக்குச் சொக்லேட் கொண்டுவரும் பெட்டியில் துவாய்களால் சுற்றி இரண்டு கான் செயற்கை ஒயில் கொண்டுவந்திருந்தான். அங்கே அவனுக்குப் பேக்கரியில் வேலை. ஆனால் அந்த நாட்டில் பதினான்கு வருஷம் இருந்தவனுக்கு எஞ்ஜினைப் பற்றித் தெரியாமல் இருக்குமா என்று மாக்ரெட் நம்பினாள். அவனும் நம்பினான்.

"அத்தான், பென்ஸ் காருக்கு விடுற ஒயில் இது. பஞ்சிகாவத்தைக்காரன்ர கதையைக் கேட்டு மண்ணெண்ணெய் மாதிரி ஒண்டை விட்டிடாதேங்கோ."

"அவன் ஆசையாக் கொண்டுவந்தவன். அவன்ர மனம் நோகக்கூடாது," என்றாள் மாக்ரெட்.

முப்பது வருஷமாகத் துக்கவீட்டுக்காரரின் மனம் நோகாமல் பேசிப் பழகியவர் ஹியூபேட். விடியுமுன் எழும்பி நானா சொன்ன ஒயிலை ஊற்றினார். ஜெர்மன் கான்களைக் கடையின் பின்புறத்தில் குழந்தைகளுக்கான சின்னச் சவப்பெட்டிகளுக்குப் பின்னால் மறைத்தார். நோபேட் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து எஞ்ஜினின் சத்தத்தைக் கேட்டான்.

"பாத்தியளோ? பூனை மாதிரிக் கிடக்கு. அதுதான் ஒயில்!"

ஹியூபேட் தலையை மட்டும் ஆட்டினார்.

பாரத்துக்கு என்ன செய்வது? முகத்துவாரத்துக் கடற்கரையில் சாக்குகளில் மண் அள்ளினார். பிரேத வண்டியின் தளத்தில் பெட்டி வழுக்கிப் போவதற்கென்று உருளைகள் இருந்ததால் சாக்குகள் நிற்கவில்லை. ஆகவே மாதிரிக்கென்று வைத்திருந்த பழைய சவப்பெட்டிக்குள் அவற்றை அடுக்கி, பெட்டியைக் கொளுவியில் இறுக்கினார். கண்டி வீதியால் ஏற்றம் வரை போய்வருவது திட்டம். நோபேட் தன்னுடைய ஒயிலின் வெற்றியைப் பார்க்க முன்னால் ஏறிக்கொண்டான்.

களனிப் பாலத்துச் சோதனைச் சாவடியில் ஓர் இளம் சிப்பாய் தொப்பியைக் கழற்றி, மரியாதையோடு கேட்டான்.

"கவுத மெருணே?"

இறந்தது யார் என்ற அந்தக் கேள்விக்கு ஹியூபேட்டிடம் எப்போதும் ஒரு பெயர் இருக்கும். அன்று இருக்கவில்லை.

"கவுருத் நே, மாத்தயா." யாருமில்லை, ஐயா.

சிப்பாய் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டான். பெட்டியைத் திறக்கச் சொன்னான். வெள்ளைச் சற்றின் பட்டுத்துணியின்மேல் ஆறு மண் மூட்டைகள் நல்லடக்கத்துக்குத் தயாராகக் கிடந்தன. புது எஞ்ஜினுக்குப் பாரம் வேண்டும் என்று ஹியூபேட் சிங்களத்தில் சொன்னார். சொல்லும்போதே அது பொய்போல அவருக்குக் கேட்டது. உதவிக்கு வந்த நோபேட் ஜெர்மன் கடவுச்சீட்டை நீட்டி, தனக்கு மறந்துபோன சிங்களத்தில் பாதியும் ஜெர்மனில் மீதியுமாக ரிங்ஸைப் பற்றி விளக்கினான். அந்த விளக்கத்துக்குப் பிறகு இருவரையும் வண்டியோடு பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

மூட்டைகளை இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். மண்ணுக்குள் மண்தான் இருந்தது. வெறும் மண்ணை ஒரு தமிழன் சவப்பெட்டியில் வைத்து ஏன் கொண்டுபோகிறான் என்பது வெடிகுண்டை விடப் பெரிய மர்மமாகிவிட்டது. மாலைவரை வாங்குப் பலகையில் இருக்க நேருமென்று ஹியூபேட் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தபோது சார்ஜன்ட் குணதிலக உள்ளே வந்தார். கண்கள் சிவந்திருந்தன. கதையை முழுவதும் கேட்டார்.

"இந்த வண்டி ஏற்றத்தில் ஓட வேண்டும், பாரத்தோடு. அப்படித்தானே?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஓம், மாத்தயா."

"என் அம்மா காலையில் பெரிய ஆஸ்பத்திரியில் தவறிவிட்டா. ஊர் கடுகண்ணாவை ஏற்றத்துக்கு அங்கால். வாகனம் ஒன்றும் கிடைக்கவில்லை. மண்ணை இறக்கிவிட்டு அம்மாவைக் கொண்டுபோவீரா?"

ஹியூபேட்டுக்கு நானாவின் நிபந்தனை நினைவுக்கு வந்தது. பிரேதம் ஏற்றக்கூடாதென்று அவர் சொன்னது மெதுவாகப் போகவேண்டியிருக்கும் என்பதற்காகத்தானே. "கொண்டுபோறன், மாத்தயா," என்றார்.

மண் மூட்டைகள் பொலிஸ் நிலையத்துக் காவலரணின் மேல் வரிசையில் ஏறின. மழைக்குச் சரிந்த இடத்துக்கு அளவாக இருந்தனவாம். ஹியூபேட் பெட்டிக்குள் ஒரு மணல் துகள்கூட இல்லாமல் துடைத்து, துணியை உதறி விரித்தார். ஆஸ்பத்திரியில் அந்த மெலிந்த அம்மாவைப் பெட்டிக்குள் இறக்கி வைத்தபோது ஆறு மூட்டைகளின் பாரத்தில் கால்வாசிகூட வராது என்று கை கணக்குப் பார்த்தது. அப்படிப் பார்த்ததற்காக அவர் வெட்கப்பட்டார்.

சார்ஜன்ட் முன்னால் ஏறி நோபேட்டை நடுவில் தள்ளினார். வழியில் எந்தச் சாவடியும் மறிக்கவில்லை. கடுகண்ணாவை ஏற்றம் தொடங்கியதும் ஹியூபேட் அக்சிலேற்றரை மிதித்தார். பிரேதத்தோடு அவர் வேகமாக ஓட்டியது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு வளைவிலும் பின்னால் பெட்டி முனகியது.

"மன்னிக்கோணும், அம்மா," என்று அவர் தமிழில் முணுமுணுத்தார்.

"என்ன சொல்கிறீர்?"

அவர் சொன்னதைச் சிங்களத்தில் திருப்பிச் சொன்னதும் சார்ஜன்ட் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வேகமாகவே போங்கள். அம்மாவுக்கு மோட்டார் வண்டியென்றால் பயம். பாதை சீக்கிரம் முடியட்டும்," என்றார். பிறகு கொஞ்ச நேரம் அவருடைய தோள்கள் குலுங்கின. நோபேட் என்ன செய்வதென்று தெரியாமல் தன் கைக்குட்டையை நீட்டினான்.

வெள்ளைக் கொடி கட்டிய வாசலில் வண்டி நின்றது. அழுகையெல்லாம் ஓய்ந்து தேத்தண்ணி வந்தபோது, சார்ஜன்ட்டின் தமையன் வண்டியைச் சுற்றிவந்து வியந்தார். அப்பாவின் பிரேதம் வந்த வண்டி ஏற்றத்தில் சூடேறி அரைநாள் நின்றதாம். இது எப்படி ஒரே மூச்சில் ஏறியது? நோபேட்டுக்கு அந்தக் கேள்வி மட்டும் விளங்கிவிட்டது.

"ஜெர்மன் ஒயில்," என்றான்.

ஊர்ப் பெரியவர்கள் வரிசையாக வந்து அவனுடைய கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். கடைசியில் சார்ஜன்ட்டும் சொன்னார். ஹியூபேட்டுக்கு இன்னொரு கோப்பை தேத்தண்ணி கொடுத்தார்கள்.

இறக்கத்தில் திரும்பி வரும்போது அவருக்குப் பொறுக்கவில்லை.

"நோபேட், ஒரு உண்மை சொல்லட்டே? உன்ர ஒயிலை நான் விடேல்லை. ரெண்டு கானும் கடையிலதான் கிடக்கு. உதுக்குள்ள ஓடுறது ஹாஷிம் நானா தந்தது."

நோபேட் அவரைப் பார்த்தான். பிறகு சிரித்து, அவருடைய தோளில் தட்டினான்.

"அத்தான், அவையள் எனக்கு மட்டும் கை தந்ததில உங்களுக்குக் கோவம். பரவாயில்லை. நானும் மனிசன்தானே, எனக்கு விளங்கும்."

"மாதா சத்தியமா..."

"சத்தியம் பண்ணாதேங்கோ, பாவம்." அவன் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காதை வெளியே நீட்டினான். "சத்தத்தைக் கேளுங்கோ. மற்ற ஒயில் இப்பிடிப் பாடுமோ?"

ஹியூபேட் கேட்டார். எஞ்ஜின் உண்மையிலேயே நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தது.